இரண்டாம் பாகம் மட்டும் வாசித்த யேசுரத்தினம்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், ஆளாளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வருடம் இத்தனை புத்தகம் வாசித்தேன், இதில் சிரித்தேன், அதில் அழுதேன் என்று போனில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. கூடவே ஒரு காப்பிக் கோப்பை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மழை. எல்லாருக்கும் எங்கிருந்துதான் அதே ஜன்னல் கிடைக்கிறதோ! என் அக்கா மகள் ஆதிராகூடக் கேட்டுவிட்டாள், "மாமா, இந்த வருஷம் நீங்க என்ன வாசிச்சிய?" என்று. நான் மருந்துக்கடைக்காரன். இரணியலில் கடை. காலையில் திறந்தால் இரவு அடைக்கிறவரை டாக்டர்களின் கையெழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதை வாசித்துப் பிழைக்கிறவனிடம் வேறு என்ன வாசித்தாய் என்று கேட்பது அநியாயம் இல்லையா?

ஆனால் எங்கள் ஊரில் வருடம் முழுக்க வாசித்த ஒரு மனிதர் உண்டு. பட்டியல் போட வேண்டுமென்றால் அவரல்லவா போட வேண்டும்! போடமாட்டார். ஏனென்றால் அவர் வாசித்தது எல்லாமே இரண்டாம் பாகம். ஒன்றுகூட முதல் பாகம் கிடையாது.

அவர் பெயர் யேசுரத்தினம். வடசேரி சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். ஐம்பது தாண்டிய ஆள். குலையைத் தூரத்தில் பார்த்தே மட்டியா, செவ்வாழையா, ஏத்தனா, எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடுவார் என்றெல்லாம் நான் அளக்கப் போவதில்லை. அது எந்த வாழைக்குலை வியாபாரிக்கும் தெரியும். இந்த வருடத்துக்கு முன்னால் அவர் வாசித்தது பஸ் போர்டும், கிறிஸ்தவச் சபைக் கோவிலில் எழுந்து நிற்கச் சொல்லும்போது பாட்டுப் புத்தகமும்தான். பாட்டுப் புத்தகத்தையும் பல தடவை தலைகீழாகப் பிடித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அந்தச் சபைக்காரன் இல்லை. அய்யாவழிக் குடும்பம். வைகுண்டராஜன் என்று பெயர் வைத்துக்கொண்டு வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு மட்டும் நெற்றியில் நாமத்தோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். அதைவிட நல்ல கூத்து இந்த மாவட்டத்தில் இல்லை. விளைச்சலில் முதலாவதைச் சபைக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். சேனைக்கிழங்கு, பூசணி, கோழி, முட்டை, தேங்காய் எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பணக்காரர்கள் முட்டிக்கொண்டால் அன்றைக்கு ஊரில் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்ததை விற்கக்கூடாது, இனாமாகவும் கொடுக்கக்கூடாது. ஆண்டவருக்குப் படைத்த பொருள். எடுத்தவன் வீட்டிலேயே வைத்து, அடுத்த பண்டிகைக்குள் அனுபவித்துத் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் ஆசீர்வாதம் கையைவிட்டுப் போய்விடுமாம். ஒரு தடவை பிள்ளையில்லாத ஒருத்தர் ஆவேசத்தில் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்துவிட்டார். என்ன செய்ய? சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வருடம் முழுக்கத் திரிந்தார். யாரும் சிரிக்கவில்லை. அது அனுபவிப்பதில் சேரும் என்று போதகரே சொல்லிவிட்டார்.

இனி யேசுரத்தினத்தின் சண்டையைச் சொன்னால்தான் ஏலம் புரியும். அவருடைய மனைவி நேசபாய். நேசபாயின் ஒரே அண்ணன் ரசலையன், ரப்பர் ஷீட் வியாபாரி. அவர் வீடும் இதே ஊரில்தான். ரசலையனின் மனைவி குவைத்தில் நர்ஸாக இருந்தாள். அதனால் அவர்கள் மகள் பிரீனா, பால் மறந்த நாளிலிருந்து நேசபாயிடம்தான் வளர்ந்தாள். நேசபாய்க்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையே தெரியாமல் இருந்தது. பிரீனாவுக்குத் தலை பின்னிவிடுவது, பள்ளிக்கூடத்தில் போய் டீச்சரோடு சண்டை போடுவது, பரீட்சைக்கு முன்னால் கூடவே உட்கார்ந்து கண்விழிப்பது, எல்லாம் அத்தைதான்.

ரசலையன் புதுவீடு கட்டினார். மனைவியும் குவைத்தை விட்டு வந்துவிட்டாள். பிரீனாவை இனிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. பால்காய்ப்புக்குக் கார்டு அடித்தார்கள். அந்தக் கார்டை யேசுரத்தினம் என் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டுக் கொதித்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. "இத வாசியும் ஓய்! காண்டிராக்டர் பேரு, மேஸ்திரி பேரு, கரண்ட்வேலக்காரன் பேரு, அதுக்குக் கீழ 'மற்றும் யேசுரத்தினம்'. நான் மற்றுமா? வீட்டுக்கு ஒரே மாப்பிள நானு, கரண்ட்காரனுக்குக் கீழயா?" என்றார். நான் சமாதானம் சொன்னேன். கேட்கிற ஆளா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் காரணம் எதுவும் சொல்லாமல், "இனி அந்த வீட்டுப் படி நீயும் மிதிக்காண்டாம், நானும் மிதிக்கல" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பால்காய்ப்புக்கு முந்தின நாள் ரசலையன் வந்து பிரீனாவின் பெட்டியையும் புத்தகங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

போன் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். முதல் வருடம் போன் இருந்தது. "யாரிட்ட பேசுக?" என்று யேசுரத்தினம் எட்டிப் பார்த்துப் பார்த்து அது தேய்ந்தது. பிரீனா கோயம்புத்தூரில் படிக்கப் போனாள், வேலைக்கும் அங்கேயே சேர்ந்தாள். பிறந்தநாளுக்கு ஒரு கும்பிடு படம், கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரப் படம், "சுகமா இருக்கியளா அத்தை?" "சுகமா இருக்கேன் மக்கா." அவ்வளவுதான். லீவுக்கு அவள் ஊருக்கு வந்தால் கோவிலில் பார்ப்பதோடு சரி. ஆறேழு வருடம் இப்படியே ஓடிப்போயிற்று.

போன வருட ஏலத்துக்கு வருகிறேன். பொன்னுலிங்கம் சார் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் இருந்தார். அவர் இறந்துபோக, வெளிநாட்டிலிருந்து வந்த மகன் வீட்டைக் காலி செய்து இரண்டு சாக்கு நிறைய எதையோ கட்டிச் சபைக்கு அனுப்பிவிட்டான். சாக்கின் வாய் கோணியூசியால் தைத்திருந்தது. சார் வீட்டுத் தோட்டத்தில் நல்லமிளகுக் கொடி உண்டு என்பது ஊருக்கே தெரியும். அதனால் மிளகுதான் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஏலம் விடுகிற பிபின் அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். "சார் தந்தத சந்தேகப்படுகதா?" என்று கேட்டு அவன் எங்களை வாயடைத்துவிட்டான்.

முதல் சாக்கை ரசலையன் கேட்டார். உடனே யேசுரத்தினம் ஏற்றினார். அவர் ஏற்ற, இவர் ஏற்ற, யாருக்கும் மிளகு நினைவே இல்லை. ஓரிடத்தில் நேசபாய் பெண்கள் பக்கத்திலிருந்து முறைத்த முறைப்பில் யேசுரத்தினம் மேலே ஏற்றாமல் நின்றுவிட்டார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம், சாக்கு ரசலையனுக்கு. அந்த அவமானத்தில் இரண்டாவது சாக்குக்கு இந்த மனிதர் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே கேட்டார். எவ்வளவுக்கு எடுத்தார் என்று நான் எழுதமாட்டேன், வருமானவரிக்காரர்களும் வாசிப்பார்கள். சாக்கைத் தோளில் தூக்கும்போதே அவர் முகம் மாறியது. மிளகுச் சாக்கு முதுகில் முனை முனையாகக் குத்தாது.

இரண்டு சாக்கிலும் புத்தகம்! பொன்னுலிங்கம் சாருக்கு இரண்டு பாகம் இல்லாத புத்தகம் புத்தகமே இல்லை. அலமாரியில் முன்வரிசையில் முதல் பாகங்கள், பின்வரிசையில் இரண்டாம் பாகங்கள் என்று அடுக்கி வைத்திருந்தார். மகன் முன்வரிசையை ஒரு சாக்கிலும் பின்வரிசையை இன்னொரு சாக்கிலும் தள்ளிவிட்டான். இப்படியாக ஊரில் ஒரு வீட்டில் எல்லாக் கதையின் தொடக்கமும், இன்னொரு வீட்டில் எல்லாக் கதையின் முடிவும் போய்ச் சேர்ந்தன. கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வாசித்துத் தீர்ப்பதைத் தவிர வழியில்லை.

"சேனைன்னா தின்னுருவேன், இத என்ன செய்ய?" என்று யேசுரத்தினம் என்னிடம் வந்து புலம்பினார். "தின்ன முடியாது, வாசியும்" என்றேன். பேச்சுக்குச் சொன்னேன். அந்த மனிதர் மறுநாளே சந்தைக்குப் புத்தகத்தோடு போய்விட்டார்.

முதலில் கையில் கிடைத்தது யாரோ ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு. இரண்டாம் பாகம் அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் தொடங்குகிறது. காலையில் எழுகிறார், செடிக்குத் தண்ணீர் விடுகிறார், மாலையில் நடக்கிறார், இருமுகிறார். கடைசியில் செத்துப்போகிறார், ஊரே கூடி அழுகிறது, சிலை வைக்கிறார்கள். யேசுரத்தினம் அசந்துபோனார். "கொள்ளாம் ஓய்! செடிக்குத் தண்ணி விட்டவனுக்கு இம்புட்டு மரியாதையா!" அதற்கு முன்னால் அவர் ஏதாவது செய்திருப்பார் என்று நான் சொன்னதை நம்பவே இல்லை. அன்றைக்கே ஒரு பூவாளி வாங்கினார். வீட்டில் இருந்த ஒரே செடி துளசிபோல ஏதோ ஒன்று. அது அழுகிச் செத்தது.

அடுத்தது ஒரு பயணக்கதை. இரண்டாம் பாகம் முழுக்கத் திரும்பி வருவதுதான். எங்கே போனான், எதற்குப் போனான் என்று ஒரு வரி இல்லை. வயிற்றுப்போக்கோடு கப்பலேறி, தொலைந்த குடையைத் தேடி, காலில் புண்ணோடு ஊர் வந்து சேர்கிறான். "அவன் போனதே குடையைத் தொலைக்கத்தான்னு எனக்குத் தோணுகு" என்றார் யேசுரத்தினம். அந்தக் கப்பல்காரனுடைய வயிற்றுப்போக்குக்கு என்ன மாத்திரை கொடுத்திருக்கலாம் என்று வேறு என்னிடம் வந்து கேட்டார். நானும் வேலை மெனக்கெட்டுப் பதில் சொன்னேன். என்னைச் சொல்ல வேண்டும்.

சமையல் புத்தகத்தின் இரண்டாம் பாகம், மிச்சமானதை வைத்து என்ன செய்யலாம் என்பது. மிச்சச் சோற்றில் வடை, மிச்சச் சாம்பாரில் அடை. இதை நேசபாயிடம் வாசித்துக் காட்டினார். "மிச்சம் வரணும்னா மொதல்ல ஆக்கணும்லா? போய் அரிசி வாங்கிட்டு வாருங்க" என்று அவள் அனுப்பிவிட்டாள்.

அவர் பஸ்ஸிலும் வாசிக்கத் தொடங்கினார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி திங்கள்சந்தையில் போய் இறங்கி, எனக்குப் போன் போட்டு, "நான் எங்க நிக்கேன்னு தெரியல, ஆனா கலெக்டருக்குத் தூக்குத்தண்டன கிடச்சாச்சு" என்றார் ஒருநாள். எந்தக் கலெக்டர், என்ன குற்றம் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இப்படி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்தவர், கடைசியாக ஒரு தடித்த குடும்ப நாவலில் போய் மாட்டினார். தொடங்கும்போதே இரண்டு வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதில்லை. மச்சானும் மச்சானும் ஜென்மப் பகை. நடுவில் பூங்கனி என்று ஒருத்தி. இவனுக்குப் பெண்டாட்டி, அவனுக்குத் தங்கை. அண்ணன் வீட்டுக்குப் போக முடியாமல் பக்கம் பக்கமாக அழுகிறாள். வயலை விற்கிறார்கள், கேஸ் நடத்துகிறார்கள், ஒருத்தன் வைக்கோற்போருக்கு இன்னொருத்தன் தீ வைக்கிறான். ஆனால் எதற்குச் சண்டை என்று மட்டும் எங்கேயும் இல்லை. யேசுரத்தினத்துக்கு இதில் பைத்தியமே பிடித்துவிட்டது. குலை வாங்க வந்தவர்களை நிறுத்திக் கேட்டார். சுமட்டுக்காரர்களைக் கேட்டார். "கொல பண்ணியிருப்பான், இல்லேன்னா இப்படி நிக்கமாட்டான். சின்னக் காரியத்துக்கு எவனாவது இம்புட்டு நாசமாப் போவானா, சொல்லும்!" என்று என் கடைக்கு வந்து மேசையைத் தட்டினார். எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பிரீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மார்த்தாண்டம் பக்கம். ஜனவரியில் திருமணம். ரசலையன் வீடு வீடாகப் போய்க் கார்டு வைத்து அழைத்தார். எனக்கும் வைத்தார். என் கடைக்கு எதிரில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கும் வைத்தார். தங்கை வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

நேசபாய் ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். மாத்திரை வாங்க என்று நினைத்தேன். மேசையில் இருந்த என்னுடைய கார்டை எடுத்தாள். திறக்கவில்லை, மேலே அச்சடித்திருந்த பிரீனாவின் பெயரை மட்டும் விரலால் தடவிக்கொண்டு நின்றாள். "பதினஞ்சு வயசுவர எங்கூடதான் படுத்தா அண்ணே. அவ கல்யாணத்த நான் ரோட்டுல நின்னு பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். எனக்கு இரண்டு கிழட்டு ஆம்பிளைகளையும் நிறுத்தி வைத்து அறையத் தோன்றியது.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு கொத்துக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். நாவலின் கடைசி அத்தியாயம்! வாழைச்சீப்பு அறுக்கிற கத்தியால் பைண்டிங் ஓரமாக அழகாக அறுத்து எடுத்திருந்தாள். அவர் சந்தைக்குப் போகிற நேரத்தில் புத்தகம் முழுவதையும் அவளும் வாசித்து முடித்திருக்கிறாள். "இத எங்கயாவது வச்சிரும் அண்ணே. வீட்டுல எங்க வச்சாலும் அவிய கண்டுபிடிச்சிருவாவ" என்றாள். எங்கே வைக்க? மருந்து வைக்கிற பிரிட்ஜில், இன்சுலின் ஊசிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். கூட்டமில்லாத ஒரு மத்தியானம் எடுத்து வாசித்தும் பார்த்தேன். ஆதிராவிடம் சொல்ல மறந்துவிட்டேன், இந்த வருடம் நான் வாசித்தது அதுதான், குளிர்ந்த ஒரே ஒரு அத்தியாயம். அதில் பூங்கனி கடைசியில் அண்ணன் வீட்டு வாசல்வரை போகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். கதை முடிந்தது. எழுதினவன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரிட்ஜை ஓங்கிச் சாத்தினேன்.

நாலைந்து நாளில் யேசுரத்தினம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் வீட்டில் நடந்ததைப் பிறகு அவரே என்னிடம் வந்து ஒப்பித்தார்.

"ஏட்டி, கடைசி அத்தியாயம் எங்கட்டி?"

"நான்தான் எடுத்து மாத்தி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"மொத பாகம் வாசிக்காத ஆளுக்கு முடிவு எதுக்கு? அது எங்க அண்ணன் வீட்டுல கெடக்கு. போய் வாசிச்சிட்டு வாருங்க, தாரேன்."

"இஞ்ச கொண்டுவரச் சொல்லு."

"ஏலத்துல எடுத்த பொருளு. வீடு மாறப்பிடாது. அங்கயே போய் இருந்துதான் வாசிக்கணும்."

யேசுரத்தினம் அசையவில்லை. அறுப்பின் பண்டிகை நெருங்கியது. கடைசி அத்தியாயம் வாசிக்காவிட்டால் ஏலப்பொருள் அனுபவித்துத் தீர்ந்ததாகாது. போதகரிடம் போய், "ஒரு அத்தியாயம் கொறஞ்சா ஆண்டவர் கணக்கு வைப்பாரா?" என்று கேட்டிருக்கிறார். போதகர் யோசித்துவிட்டு, "கோழியில ஒரு காலை மிச்சம் வைப்பியளா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாராம். அதோடு மனிதர் உடைந்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மட்டிக் குலையைத் தோளில் வைத்துக்கொண்டு மனைவியோடு என் கடை முன்னால் வந்து நின்றார். "நீரும் வாரும் ஓய். புத்தகத்துக்காகத்தான் போறேன், வேற ஒண்ணுத்துக்கும் இல்ல. நீரு சாட்சி." நான் ஷட்டரை இழுத்துவிட்டுக் கூடப் போனேன்.

ரசலையன் வீட்டு கேட் சாத்தியிருந்தது. உள்ளே போர்ட்டிகோவில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ரசலையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். யேசுரத்தினம் குலையோடு அப்படியே நின்றுவிட்டார். நேசபாயும் நின்றாள். பிரிட்ஜில் இருக்கிற அத்தியாயம் அப்படியே கண்முன்னால் நடக்கிறது என்று நினைத்தேன். நேசபாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தோளால் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ரசலையன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். கடைசியில் யேசுரத்தினம்தான் குலையை இறக்கி வைத்துவிட்டு, வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை, "மச்சான், அந்தப் புத்தகத்துல பூங்கனி வீட்டுக்காரனும் அவ அண்ணனும் எதுக்கு சண்ட போட்டாவ?" என்று கேட்டார்.

"அத நான்லா ஒம்மகிட்ட கேக்கணும்!" என்றார் ரசலையன். "எனக்க பாகத்துல சண்டையே இல்ல மாப்பிளே. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சிக்கிட்டுத் திருவிழாவுக்குப் போறாவ. அதோட முடிஞ்சுபோச்சு. பெறவு என்ன ஆச்சுன்னு தெரியாம நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

அவரும் வாசித்திருக்கிறார்! சாக்கு முழுவதும்! அந்தப் பெரிய மனிதர் சின்ன வயதில் எவ்வளவு பாடுபட்டார் என்று தெரியும், செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாது. குடையோடு கப்பலேறினவன் ஊர் திரும்பினானா என்று தெரியாது. இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டு, முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒட்டியிருக்கிற பக்கங்களை எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். காரணம் இல்லை. முதல் பாகத்தில் திருவிழா, இரண்டாம் பாகத்தில் பகை. நடுவில் என்ன நடந்தது என்று எழுதவே இல்லை.

"எழுதினவனுக்கே மறந்திருக்கும்" என்றார் ரசலையன்.

"அதெப்படி மறக்கும்? காரணம் இல்லாம எவனாவது வருஷக்கணக்கா பேசாம இருப்பானா?" என்று யேசுரத்தினம் கத்தினார்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "ஓய், ரெண்டு பேரும் வாய மூடும்! அந்தப் புத்தகக்காரன் காரணம் எழுதல, போட்டும். நீங்க எதுக்குப் பேசாம இருக்கியன்னு இப்ப ஆளுக்கொரு தடவ சொல்லும், கேப்போம்!" என்று நானும் கத்திவிட்டேன்.

ரசலையன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியாதா வைகுண்டராஜா? பிள்ளைய வளத்த கையிலேருந்து புடுங்கிட்டு வந்தேன். ஒரு வார்த்த கேக்கல. பெட்டிய ஜீப்புல ஏத்தும்போ எனக்க தங்கச்சி வாசல்ல நின்னத நான் திரும்பிப் பாக்கல. அதுக்குத்தானே மாப்பிள பேச்ச நிறுத்தினாரு? நியாயம்தானே? கார்டு கொண்டுவர எனக்கு மூஞ்சி இல்ல. ரெண்டு தடவ ஒங்க வீட்டு முக்குவர வந்துட்டுத் திரும்பிட்டேன்."

யேசுரத்தினத்துக்குக் கண் பிதுங்கியது. கடைசியில் ரொம்பச் சின்னக் குரலில், "பால்காய்ப்புக் கார்டுல எனக்க பேர கரண்ட்காரனுக்குக் கீழ போட்டீரே..." என்றார்.

"எந்தக் கார்டு?" என்றார் ரசலையன். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

நேசபாய் புருஷனைப் பார்த்தாள். "அதுக்கா?" என்றாள். "கார்டுக்கா? பிள்ளைய ஏங்கிட்டேருந்து கொண்டுபோனதுக்கு நீங்க கோவப்பட்டியன்னுலா நான் நெனச்சேன்! எனக்காண்டி இந்த மனுஷன் சொந்தத்தையே விட்டுட்டு நிக்காரேன்னு, இம்புட்டு வருஷமும் ஒங்க மேல உசிரா இருந்தேனே!" அவள் அழுவாள் என்று பயந்தேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் அதன் பாட்டுக்கு வடிந்தது. யேசுரத்தினம் மட்டிக் குலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை எனக்கு எப்போதும் கிண்டல் செய்யத்தான் தோன்றும். அன்றைக்குப் பாவமாக இருந்தது.

ரசலையன்தான் பேச்சை மாற்ற, "சரி, அந்தப் பூங்கனி கடைசில என்ன ஆனா?" என்று கேட்டார்.

"அண்ணன் வீட்டு வாசல்வர வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா. புத்திகெட்டவ" என்றாள் நேசபாய், முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு.

"திரும்பிப் போனாளா? அப்ப அண்ணன்காரன்தான் ஓடிப்போய் கூப்பிட்டிருக்கணும், தப்பு அவன் மேலதான்" என்று யேசுரத்தினம் உயிர் வந்து எழுந்தார். "அதெப்படி? புருஷன்லா கூட்டிட்டு வந்திருக்கணும்" என்று ரசலையன் எகிறினார். மறுபடியும் சண்டை. இந்தத் தடவை நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பிரீனா வந்தாள். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறாள். எட்டிப் பார்த்தவள் ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். உயரத்தில் இப்போது அத்தையைத் தாண்டிவிட்டாள். "நீங்க வரலேன்னா நான் பந்தல்ல ஏறமாட்டேன்னு அப்பாட்ட சொல்லியாச்சு. கேட்டுப் பாருங்க" என்றாள். நேசபாய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இரியுங்க, இரியுங்க" என்று பிரீனா அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் தட்டில் தேயிலை டம்ளர்களோடு வந்தாள். எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசி டம்ளரை இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினாள். "ஒங்களுக்கு மட்டும் தனியா போட்டேன். கடுப்பமா, சீனி மூணு ஸ்பூன். நான் ஒண்ணும் மறக்கல, பாத்தியளா?" என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்தாள்.

நேசபாய்க்குச் சர்க்கரை வந்து நாலு வருடமாகிறது. காலையும் ராத்திரியும் மாத்திரை, நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். போன மாதம்தான் டாக்டர் ஊசிக்கு மாற வேண்டிவரும் என்று திட்டி அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. யார் சொல்லியிருக்க முடியும்?

யேசுரத்தினம் பேச்சை நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்த்தார். நேசபாய் என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாதேயும் என்பதாக. நான் என் டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"மறப்பியா நீ? எனக்கு இதுதான் சரியான கணக்கு மக்கா" என்று சொல்லிவிட்டு, நேசபாய் அதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.